ஒல்லி உடம்பில் தொப்பை எங்கிருந்து வருகிறது?

கை கால் எல்லாம் குச்சி. கன்னம் ஒட்டியிருக்கும். சட்டையை இன் பண்ணினால் மட்டும் பெல்ட்டுக்கு மேல் ஓர் உருண்டை எட்டிப் பார்க்கும். இப்படி ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பம் நம் பக்கம் குறைவு. எடைமெஷினில் ஏறினால் 62 கிலோ. அவரைக் குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் நாற்பதைத் தாண்டும்போது சர்க்கரை வந்துவிடுகிறது. “குண்டா இருக்கறவங்களுக்குத்தானே, டாக்டர், இது வரும்?” என்று அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவரைவிட இருபது கிலோ அதிகமான வெள்ளைக்காரருக்குப் பல நேரம் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமே இருப்பதில்லை.

உடல் பருமனைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகப் பருமனானவரிடமிருந்து தொடங்குவார்கள். நாம் இந்த ஒல்லி மாமாவிடமிருந்து தொடங்குவோம். நம் ஊரில் கொழுப்பு செய்யும் வேலையை அவர் உடம்பில்தான் தெளிவாகப் பார்க்க முடியும்.

எடைமெஷினுக்குத் தெரியாதது

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறைக் குறியெண். ஆஸ்பத்திரியில் பி.எம்.ஐ. என்பார்கள். மாமாவின் உயரம் 165 செ.மீ. என்றால் அவருடைய எண் 22.8. உலக அளவில் 25-க்கு மேல் போனால்தான் அதிக எடை. இந்தியர்களுக்கு அந்தக் கோடு பொருந்தாது என்று நம் மருத்துவர்கள் 2009-ல் கூடிப் பேசி 23 என்று இறக்கினார்கள். 25 வந்தாலே பருமன். இறக்கிய அந்தக் கோட்டிலும் மாமா தப்பித்துவிடுகிறார்.

குறை கணக்கில் இல்லை, கணக்கிடம் நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த வாய்ப்பாட்டைத் தந்த பெல்ஜியத்துக்காரர் கெத்தலே ஒரு வானியல் அறிஞர். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடியவர் அவர். கொழுப்பைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை. எலும்பு, தசை, தண்ணீர், கொழுப்பு எல்லாம் அந்த எண்ணுக்கு ஒன்றுதான்.

புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் சர்க்கரை நோய் ஆய்வாளர்கள், நண்பர்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. சரியாக 22.3. கொழுப்பைத் தனியாக அளக்கும் ஸ்கேனில் இருவரும் படுத்துப் பார்த்தார்கள். யூட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாக்னிக் உடம்பில் 21.2 சதவீதம். இருவரும் அருகருகே நிற்கும் படத்துடன் இது 2004-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஒரு பக்கம்தான். மருத்துவ மாநாடுகளில் இன்றும் அதைத் திரையில் காட்டுகிறார்கள்.

யாக்னிக் தனி ஆள் அல்ல. சென்னையின் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்திய ‘ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப்’ என்ற ஆய்வு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நாடு முழுக்கப் பரிசோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டது. பி.எம்.ஐ. கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம். இடுப்புச் சுற்றளவுக் கணக்கில் 39.5 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் கூட்டத்தில்தான் நம் மாமா நிற்கிறார்.

மிஷன் ஆஸ்பத்திரியின் பழைய நோட்டுகள்

மாமாவின் தொப்பைக்கு எப்போது விதை விழுந்தது? கல்யாணத்துக்குப் பிறகு என்று அத்தையைக் கேலி செய்வது வழக்கம். மைசூரில் கிடைத்த சாட்சி அதைவிட வெகு முன்னால் போகிறது.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை இருக்கிறது. ஊராருக்கு அது மிஷன் ஆஸ்பத்திரி. 1934 முதல் அங்கே பிறந்த ஒவ்வொரு குழந்தையின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாம் நோட்டில் எழுதப்பட்டன. தாயின் எடையும் எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் இந்தியாவில் இப்படி எழுதிவைத்த இடங்கள் மிகச் சில. எழுதியதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் வைத்திருந்த இடங்கள் இன்னும் குறைவு.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் 1980-களில் ஒரு வினோதமான கருத்தைச் சொல்லிவந்தார். பிறக்கும்போது எடை குறைந்த குழந்தைக்கு வயதான பிறகு இதய நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்றார். அவருக்கு ஆதாரமாக இருந்தவை ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மருத்துவச்சிகளின் பதிவேடுகள். பலர் சிரித்தார்கள். அவருடைய குழுவினர் மைசூர் நோட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார்கள். 1934-க்கும் 1954-க்கும் இடையே அங்கே பிறந்து இன்னும் அந்த வட்டாரத்திலேயே வாழ்கிறவர்களைத் தேடினார்கள். 517 பேர் கிடைத்தார்கள்.

முடிவு 1996-ல் வந்தது. பிறக்கும்போது இரண்டரைக் கிலோவோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய் இருந்தது. 3.1 கிலோவோ அதற்கு மேலோ இருந்தவர்களில் 3 சதவீதம். குழந்தையும் சிறிது, தாயும் 45 கிலோவுக்குக் கீழ் என்ற வீடுகளில் அது 20 சதவீதம். பார்க்கர் சொன்னது பொருந்தியது.

சர்க்கரை நோயைப் பார்த்தபோது கதை திசை மாறியது. இங்கிலாந்தில் சிறிய குழந்தைகளுக்குத்தான் பிற்காலத்தில் சர்க்கரை அதிகம். மைசூரில் குட்டையாகவும், நீளத்துக்குக் கொஞ்சம் உருண்டையாகவும் பிறந்தவர்களுக்கு அது அதிகமாக இருந்தது. அவர்களுடைய தாய்மார்களும் எடை கூடியவர்கள். 1998-ல் இதை எழுதியவர்களுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது: கர்ப்ப காலத்தில் அந்தத் தாய்மார்களுக்கே சர்க்கரை கூடியிருந்து, யாரும் கவனிக்காமல் விட்டிருப்பார்களோ? 1940-களின் தாயைத் திரும்பக் கூப்பிட்டு ரத்தம் எடுக்க முடியாது. எனவே புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

முதுகில் மட்டும் மிஞ்சிய கொழுப்பு

1997, 98-ல் அதே ஆஸ்பத்திரிக்கு வந்த 800-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து ‘பார்த்தினான்’ ஆய்வு தொடங்கியது. ஜி.வி. கிருஷ்ணவேணியும் சவுத்தாம்ப்டனின் கரோலின் ஃபாலும் பல ஆண்டுகள் இதில் உழைத்தார்கள். கர்ப்பிணிகளில் சுமார் 6 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. பிறந்த குழந்தைகளை அளக்க ஒரு சின்ன இடுக்கியைப் பயன்படுத்தினார்கள். தோளெலும்புக்குக் கீழே தோலை மடித்துப் பிடித்தால் தோலடிக் கொழுப்பின் தடிமன் தெரியும்.

வெள்ளைக்காரக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் மைசூர்க் குழந்தை எல்லாவற்றிலும் சிறியது: எடை, நீளம், தலை, கை. முதுகுக் கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட அவர்களுக்குச் சமமாக இருந்தது. நான்கு வயதில் மைசூர்க் குழந்தை இன்னும் சிறியதுதான், ஆனால் முதுகுக் கொழுப்பில் முந்திவிட்டது. புனேக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் யாக்னிக் கண்டதும் இதையேதான். அங்கே குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5. குறைந்த அந்த 800 கிராமில் பெரும்பங்கு தசையும் வயிற்று உறுப்புகளும்; கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. யாக்னிக் இதை ‘மெலிந்த கொழுத்த குழந்தை’ என்றார்.

ஆகவே மாமா பிறந்த நாளிலேயே தசைக் கணக்கில் கடனோடும் கொழுப்புக் கணக்கில் சொத்தோடும் வந்திருக்கிறார். ஏன் இப்படி? தலைமுறை தலைமுறையாகச் சிறிய உடம்போடு வாழ்ந்த தாய்மார்கள் ஒரு காரணம். அவர்கள் தட்டில் அரிசி இருந்தது, புரதமும் நுண்சத்தும் போதவில்லை. பார்த்தினான் தாய்மார்களில் 43 சதவீதம் பேருக்கு பி12 வைட்டமின் குறைவு. அப்படிக் குறைந்தவர்களிடம் உடற்கொழுப்பும் கர்ப்பகாலச் சர்க்கரையும் அதிகம். தாய்க்குச் சர்க்கரை இருந்த பிள்ளைகளிடம் ஒன்பதரை வயதிலேயே கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் கூடியிருந்தன. 1998-ல் எழுந்த சந்தேகம் வீணாகவில்லை.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. 2007-ல் கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் ஒரு வடிவம் இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால் எடை சராசரியாக மூன்று கிலோ கூடும். மூன்றே கிலோ. ‘எங்க பரம்பரை அப்படி’ என்று கையை விரிக்க அது போதாது.

பத்தாயம் நிறைந்த பிறகு

கொழுப்பு என்றால் கெட்டது என்று நினைக்க வேண்டாம். தோலுக்கு அடியில், தொடையில், பிட்டத்தில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் சாதுவானது. வீட்டுப் பத்தாயம் போல அது. மிஞ்சியதை வாங்கி வைத்துக்கொள்ளும். பத்தாயம் பெரிதாக இருந்தால் எத்தனை மூட்டை வந்தாலும் வீடு சுத்தமாக இருக்கும். சிறிதாக இருந்தால் மிச்ச மூட்டைகளை அடுப்படியிலும் நடையிலும் அடுக்க வேண்டிவரும். நம்மவர்களுக்குத் தோலடி இடம் குறைவு, அது சீக்கிரம் நிறைந்துவிடுகிறது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வழிந்தது குடலைச் சுற்றி, கல்லீரலுக்குள், கணையத்துக்குள் போய்ச் சேர்கிறது. இதுதான் உள்ளுறுப்புக் கொழுப்பு.

குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. கொழுத்த கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்பதில்லை. வேண்டாத நேரத்திலும் சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியது தசை. மாமாவிடம் அதுவும் குறைவு. 62 கிலோவில் இத்தனையும் நடக்க முடியும்.

பாலாற்றங்கரைக் களி

பத்தாயம் நிறைவதற்கு முதலில் சாப்பாட்டைத்தான் குறை சொல்வார்கள். மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தப்பாடி வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில் மாநில எல்லையாக வருவது பாலாறு. வேலூர்ப் பாலாறு அல்ல, காவிரியில் வந்து கலக்கும் சிற்றாறு.  இரு கரையிலும் தமிழும் கன்னடமும் கலந்தே கேட்கும். களியும் அப்படித்தான்; அந்தப் பக்கம் முத்தே, இந்தப் பக்கம் களி.

‘களி தின்ற காலத்தில் யாருக்குத் தொப்பை இருந்தது?’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். ராகியைப் புகழும் இந்தப் பேச்சு இப்போது சூப்பர்மார்க்கெட் வரை வந்துவிட்டது. ராகி பிஸ்கட் என்ற பெயரில் மைதாவையும் சர்க்கரையையும் விற்கிறார்கள். எண்களைப் பார்ப்போம். 100 கிராம் ராகியில் சுமார் 320 கலோரி, தீட்டிய அரிசியில் சுமார் 356. புரதம் இரண்டிலும் 7, 8 கிராம்தான். நார்ச்சத்தில்தான் ராகி உண்மையில் ஜெயிக்கிறது: 11 கிராம், அரிசியில் 3-க்கும் குறைவு. மெதுவாகச் செரிக்கும், பசி தாங்கும். நல்ல தானியம்தான். ஆனால் தொப்பை வராததற்கு அது மட்டும் காரணம் இல்லை.

ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் போட்ட கணக்கின்படி, 65 கிலோ ஆண் உட்கார்ந்து வேலை பார்த்தால் ஒரு நாளுக்கு 2110 கலோரி வேண்டும். கடுமையான உடலுழைப்பு என்றால் 3470. வித்தியாசம் 1360 கலோரி, அதாவது நான்கு பெரிய களி உருண்டை. மானாவாரிக் காட்டில் உழுது, மாட்டை மலைக்கு ஓட்டி, விறகு சுமந்து இறங்கியவர் அந்த நான்கு உருண்டையையும் எரித்துவிட்டுத்தான் படுத்தார். இப்போது உழவுக்கு டிராக்டர், கடைத்தெருவுக்கு டூவீலர். ரேஷனில் அரிசி தமிழ்நாட்டில் 2011-லிருந்து இலவசம். கர்நாடகத்தில் 2013-ல் அன்னபாக்யா வந்தது. பட்டினியைத் துரத்திய இந்தத் திட்டங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அரிசியோடு பருப்பும் அதே தாராளத்தில் வந்திருக்கலாம் என்பதே என் ஆதங்கம்.

ஒரு ஸ்பூன் சர்க்கரைக் கணக்கு

மாமாவை விட்டுவிட்டு, உண்மையாகவே எடை ஏறிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். 20 வயதில் 55 கிலோ, 40 வயதில் 70. கூடியது 15 கிலோ. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7700 கலோரி அடங்கியிருக்கிறது. 15-ஐ 7700-ஆல் பெருக்கினால் 1,15,500. இருபது ஆண்டுக்கு 7300 நாள். வகுத்தால் நாளுக்கு 16 கலோரி. ஒரு டீஸ்பூன் சர்க்கரை நான்கு கிராம், அதிலும் 16 கலோரி.

அப்படியானால் காபியில் ஒரு ஸ்பூன் குறைத்திருந்தால் இந்த 15 கிலோவும் வந்திருக்காதா? பத்திரிகைகளில் இந்தக் கணக்கு அடிக்கடி வரும். அழகான கணக்கு, ஆனால் தப்பு. உடம்பு கனக்கக் கனக்க அதன் செலவும் கூடுகிறது. 70 கிலோ உடம்பைத் தூக்கி நடக்க, சூடாக வைக்க, 55 கிலோவைவிட அதிகம் எரிக்க வேண்டும். 16 கலோரி என்பது செலவு போக மிஞ்சியது மட்டுமே.

அமெரிக்காவின் கெவின் ஹால் குழு 2011-ல் கொடுத்த தோராய விதி இது: ஒரு கிலோ கூடுதல் எடையைத் தாங்க நாளுக்கு 24 கலோரி கூடுதலாக வேண்டும். 15 கிலோவுக்கு 360 கலோரி. ஏறத்தாழ 100 கிராம் அரிசி. ஆக, இருபது வயதில் சாப்பிட்டதைவிட இன்று அவர் ஒரு பெரிய தட்டுச் சோறு அதிகம் சாப்பிடுகிறார், அல்லது அதற்கு ஈடான நடமாட்டம் குறைந்திருக்கிறது, அல்லது பாதிக்குப் பாதி. ஒரே நாளில் கூடியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். இரவு ஒரு தோசை, அலுவலகத்தில் இரண்டாவது டீ, சைக்கிளிலிருந்து பைக் என்று தவணை முறையில் வந்ததால் படவில்லை.

இதே விதியைத் திருப்பிப் போடுங்கள். அந்த ஒரு ஸ்பூனை மட்டும் நிறுத்தினால் முக்கால் கிலோவுக்கும் குறைவாகத்தான் இறங்கும். அதில் பாதி இறங்கவே ஒரு வருடம் ஆகும், மீதி மெல்ல மெல்ல. அதற்குள் மனிதர் வெறுத்துப்போய் ‘எனக்குத் தண்ணீர் குடித்தாலும் எடை போடுகிறது’ என்று சொல்லத் தொடங்கிவிடுவார்.

இறங்கியது ஏன் திரும்ப ஏறுகிறது?

வேகமாக இறக்கினால் வேறு தொல்லை. கொழுப்புச் செல்கள் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994-ல் கண்டுபிடித்தார்கள். கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் செய்தி சொல்வது அதன் வேலை. கொழுப்பு குறைந்தால் லெப்டின் குறையும், மூளை பஞ்சம் என்று நினைக்கும். ஆஸ்திரேலியாவில் பத்து வாரம் கடும் பத்தியம் இருந்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும் பசி ஹார்மோன்கள் தணியவில்லை. அமெரிக்க டி.வி. போட்டி ஒன்றில் மளமளவென்று எடை குறைத்த 14 பேரை ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு இறங்கிய எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. உடம்போ எதிர்பார்த்ததைவிட நாளுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. இவர்களிடம் போய் மன உறுதி போதவில்லை என்பது அநியாயம்.

இந்த இடத்தில் சென்னை ஆய்வு ஒன்று ஆறுதல் தருகிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு பின்தொடர்ந்தது. ஒன்றும் செய்யாத குழுவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. தினம் அரை மணி நேரம் விரைந்து நடந்து, சோற்றையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்த குழுவில் 39 சதவீதம். 2006-ல் வெளியான இந்த முடிவில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: அந்த இரண்டாவது குழுவின் சராசரி எடை இறங்கவே இல்லை. மெஷினில் முள் அசையாமலே பலன் கிடைத்திருக்கிறது. நடந்த தசை சர்க்கரையை வாங்கிக்கொள்ளக் கற்றதுதான் அதற்குக் காரணமாக இருக்க வேண்டும்.

தையற்கடை டேப்

எனவே மெஷினைவிட டேப்பை நம்பலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். பேன்ட் சைஸைச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. நம் ஆண்கள் பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறவர்கள். இந்திய ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை.

தட்டில் முதலில் மாற வேண்டியது பங்கீடு. சோறு மலையாகவும் பொரியல் ஒரு ஓரத்தில் பொட்டாகவும் இருப்பது நம் வழக்கம். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் சுண்டலோ முட்டையோ மீனோ கெட்டிப் பருப்போ வைத்தால் பசியும் அடங்கும், தசைக்கும் தீனி. நடை நல்லது, ஆனால் அது மட்டும் தசையை வளர்க்காது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தண்டால், பஸ்கி, கனம் தூக்குதல் என்று ஏதாவது வேண்டும். நம் தாத்தாக்களின் கர்லாக்கட்டை பரணில் சும்மா கிடக்கிறது. பாக்கெட் தீனி விஷயத்தில் மட்டும் நான் கறார். ஹால் 2019-ல் 20 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைத்துச் சோதித்தார். ஆலையில் செய்த உணவு கொடுத்த இரண்டு வாரத்தில் அவர்கள் தம்மையறியாமல் நாளுக்கு 500 கலோரி அதிகம் தின்று, 0.9 கிலோ ஏறினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு இரண்டு வாரம் கொடுத்தது பதப்படுத்தாத உணவு; பரிமாறிய கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் இரண்டு வகை உணவிலும் சமமாகவே இருந்தன.

அடுத்த தலைமுறையின் இடுப்பு

மாமாவுக்கு இவ்வளவு போதும். அவர் பேரனின் முதுகுக் கொழுப்பு இன்னொருவர் தட்டைப் பொறுத்தது.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் ரமேஷ் பொத்தார் குழு, குழந்தை பெறும் திட்டத்தில் இருந்த பெண்களுக்குத் தினம் ஒரு தின்பண்டம் கொடுத்துப் பார்த்தது. கீரை, பழம், பால் சேர்த்துச் சமோசா மாதிரிச் செய்தது ஒரு குழுவுக்கு. உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்தது மற்றதற்கு. உருளைக்கிழங்குக் குழுவில் 12.4 சதவீதம் பேருக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வந்தது, கீரைக் குழுவில் 7.3 சதவீதம். குழந்தையின் எடையும் கொஞ்சம் கூடியது, ஆனால் கருத்தரிப்பதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே தின்னத் தொடங்கியவர்களுக்கு மட்டும். அங்கன்வாடிச் சத்துமாவு வீட்டுக்கு வருவது பெரும்பாலும் கர்ப்பம் பதிவான பிறகு. அப்போது அந்த மூன்று மாதம் கடந்து போயிருக்கும்.